என்ன மருந்து போட்டாங்க?

சீப்பு பாதி வழியில் சிக்கி நிற்கும்போதெல்லாம் அம்மா சொல்வாள்: "எல்லாம் உங்க அப்பன் வீட்டு முடி."

அம்மாவுடையது கோரை முடி. தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டை உருவினால் போதும், தண்ணீர் இறங்குவது மாதிரி முதுகில் இறங்கி நிற்கும். என்னுடையது ஆயாவின் முடி, அப்பாவைப் பெற்றவளின் முடி. ஈரமாக இருக்கும்போது இடுப்பைத் தொடும். காய்ந்தால் தோளுக்கு ஏறிவிடும். பல் நெருங்கிய சீப்பை உச்சியில் வைத்து ஒரே இழுப்பாகக் கீழே இழுப்பதுதான் அம்மாவுக்குத் தெரிந்த தலைவாரல். கோரை முடிக்கு அது சரி. காய்ந்த சுருட்டை முடிக்கு அது சித்திரவதை. நான் அழாமல் பள்ளிக்கூடம் போன நாள் குறைவு.

அம்மா வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் வீடு பொத்தேரியில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம். 1985-ல் ஜி.எஸ்.டி. சாலையோரம் தொடங்கிய எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி 2002-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆன பிறகு எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு மாடி ஏறியது, மாடிக்கு மாடி மாணவர்கள் குடிவந்தார்கள். அதற்கு முன்பே ஏழெட்டுப் பேருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த அம்மா, அந்த வருஷம் முதல் முழு மெஸ்ஸாகவே நடத்தினாள். நாலரைக்கு அடுப்பு, ஆறரைக்கு முதல் ஈடு இட்லி, ஏழே காலுக்கு என் தலை. அடுத்த ஈடு வேகிற பத்து நிமிடம்தான் எனக்கு. அந்தப் பத்து நிமிடத்தில் சிக்கெடுத்து, தேங்காயெண்ணெயை அப்பி, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் வைத்து மடித்துக் கட்ட வேண்டும். கூடவே எங்கள் போர் தண்ணீர். பக்கெட்டின் உட்புறம் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். அதே உப்பு தலையிலும் படிந்தது.

மொட்டையடித்தால் முடி நேராக வளரும் என்று யாரோ சொல்லி, திருத்தணியில் மூன்று முறை அடித்தார்கள். மூன்று முறையும் சுருண்டுதான் வந்தது. முடி முளைக்கும் குழி தோலுக்குள் வளைந்திருக்கிறது. அந்தக் குழி எப்படியோ முடியும் அப்படி. மேலே எத்தனை முறை மழித்தாலும் கீழே இருக்கும் அச்சு மாறாது. இது எனக்குத் தெரிந்தது பிற்பாடு. அன்றைக்கு மூன்றாவது முறையும் சுருண்டதைப் பார்த்து அம்மா அப்பாவிடம், "உங்கம்மா விடமாட்டாங்க போலிருக்கு" என்றாள்.

ஆயா சிங்கபெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தாள். கோடை லீவில் அவளிடம் போனால் ஒரு மாதம் நான் அழமாட்டேன். ஆயா சீப்பே எடுக்கமாட்டாள். வாரத்துக்கு ஒருமுறை முதல் நாள் ராத்திரியே எண்ணெய் வைத்து, மறுநாள் அரப்பு தேய்த்து, தண்ணீர் சொட்டச் சொட்ட என்னை வேப்ப மரத்தடியில் உட்காரவைப்பாள். பிறகு நாலு பாகமாகப் பிரித்து, நுனியிலிருந்து விரலாலேயே சிக்கெடுத்துக்கொண்டு மேலே மேலே வருவாள். அவள் தலையும் அப்படித்தான். எழுபது வயதிலும் நெற்றியோரம் சுருள் சுருளாக நரைமுடி நிற்கும். எனக்குப் பதினொரு வயதாகும்போது ஆயா போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்ததை அவளிடம் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை.

பள்ளியில் என் பெயர் பரட்டை. 'பதினாறு வயதினிலே' படத்துப் பரட்டை வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பெயருக்கு ஆயுள் குறையவில்லை. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதிலோ, தமிழ் வகுப்பில் 'ஐம்பால்' என்ற சொல் வந்தது. பெண்களின் கூந்தலை அந்தக் காலத்தில் ஐந்து வகையாக முடிந்தார்கள், அதனால் ஐம்பால் என்று கூந்தலுக்கே பெயர் வந்தது என்று டீச்சர் சொன்னார். முடி, கொண்டை, குழல், பனிச்சை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து 'சுருள்' என்றபோது நான் நிமிர்ந்தேன். ஆற்று மணலில் தண்ணீர் வரிவரியாக விட்டுப்போகும் கருமணல் படிவுக்கு அறல் என்று பெயர். சங்கப் புலவர்கள் கூந்தலை அதற்கு ஒப்பிட்டார்கள் என்றும் அவரே சொன்னார். வரி வரியாக, அலை அலையாக என்றால் அது என் தலைதானே என்று மனதுக்குள் ஓடியது. அந்தப் பீரியட் முடிந்து வெளியே போகும்போது அதே டீச்சர் என்னை நிறுத்தி, "நாளைக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் வெச்சு படிய வாரிக்கிட்டு வா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பாடத்தில் இருக்கும் கூந்தலையும் எதிரில் நிற்கும் தலையையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது.

2003 கோடையில், எனக்குப் பதினான்கு வயது. கூடுவாஞ்சேரியிலிருந்து அத்தை பெண் வந்திருந்தாள். அவளுக்கும் இதே முடி. சினிமாவில் வருகிற மாதிரி நேராக்கிவிடலாம் என்று சொன்னாள். பார்லருக்குப் போகக் காசு கேட்கும் தைரியம் இரண்டு பேருக்கும் இல்லை. அப்பாவின் யூனிபார்மைத் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி இருந்தது. மத்தியானம் அம்மா அசந்து தூங்கியதும், சிமெண்ட் தரையில் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு, என் தலையை அதில் சாய்த்து, முடியை விரித்து, மேலே நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளை வைத்துத் தேய்த்தாள். குளித்துவிட்டு வந்திருந்ததால் அடிமுடியில் இன்னும் ஈரம் இருந்தது. பெட்டி பட்டதும் 'சுர்ர்' என்றது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம். கருகிய வாடை வந்தது. வலது காதின் பின்னால் ஒரு சூடு. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஆனால் எழுந்து கண்ணாடியில் பார்த்தபோது என் முடி முதுகில் விழுந்திருந்தது. முதல் முறையாகக் கழுத்தை ஆட்டினால் முடியும் ஆடியது. நான் ரயில்வே மேம்பாலம் வரைக்கும் சும்மா நடந்துபோய், காற்றில் நின்றுவிட்டு வந்தேன். அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முடியை நேராக்க ஆசைப்படும் பெண்ணிடம் "உள்ளபடியே அழகு" என்று சொல்பவர்கள் அந்த மேம்பாலத்தில் நின்றதில்லை. சாயங்காலம் மெஸ்ஸில் தோசை ஊற்ற அம்மாவுக்குக் கூட நின்றேன். அடுப்பின் ஆவி பட்டது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் சுருண்டுகொண்டது.

ஏன் சுருண்டது என்பதைக் கல்லூரியில் படித்தேன். தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல். பொத்தேரியில் ஏறினால் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் தாண்டித் தாம்பரம். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஜன்னலோரம் கிடைத்தாலும் நான் உட்காரமாட்டேன். காற்றில் தலை கலைந்துவிடும். ஒருநாள் வகுப்பில் புரதங்களைப் பற்றிப் பாடம். முடி என்பது கெராட்டின். அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருப்பவை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள். ஹைட்ரஜன் பிணைப்பு இலேசானது. தண்ணீரிலும் சூட்டிலும் விட்டுப்போகும், ஈரக்காற்று பட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பும். இஸ்திரிப் பெட்டி அவிழ்த்தது இதைத்தான். தோசைக்கல் ஆவி திரும்பக் கட்டியது. இன்னொன்று கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் இடையிலுள்ள டைசல்பைடு பிணைப்பு. அதைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அதை அறுக்க மருந்து வேண்டும். அமோனியம் தயோகிளைகோலேட் அறுக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு திரும்ப ஒட்டும். இடைப்பட்ட நேரத்தில் முடியை எந்த வடிவத்தில் வைத்திருக்கிறோமோ அந்த வடிவத்தில் அது நின்றுவிடும். உருளையில் சுற்றினால் சுருள், தட்டையாக இழுத்தால் நேர். கோரை முடிக்காரர்களைச் சுருட்டுவதற்கும் என்னைப் போன்றவர்களை நேராக்குவதற்கும் ஒரே மருந்து.

ஈரமுடியில் சூடு வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் கொதித்து முடிக்குள்ளேயே குமிழி விடும், அந்த இடத்தில் முடி ஒடியும் என்பதையும் அப்போது தெரிந்துகொண்டேன். 'சுர்ர்' என்ற சத்தத்துக்கு ஐந்து வருஷம் கழித்து அர்த்தம் கிடைத்தது.

இவ்வளவு படித்தவள் பார்லரில் போய் உட்கார்ந்தபோது ஒன்றையும் கேட்கவில்லை.

2011. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "அன்னிக்கு ஒருநாளாவது படிஞ்சு இருக்கட்டும்" என்று அம்மாவே சீட்டுப் பணத்திலிருந்து நாலாயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்தாள். அந்த நாலாயிரம் எத்தனை ஈடு இட்லி என்று எனக்குத் தெரியும். ஜி.எஸ்.டி. சாலையில் மாணவிகள் போகும் ஒரு பார்லர். கண்ணாடிக் கதவு, ஏசி, எல்லா ஜன்னலும் மூடியிருக்கும். 'ஸ்மூத்தனிங்' என்று சொன்னார்கள். என் தலையைத் தொட்டுப் பார்த்த மேடம், "ரொம்ப ஸ்ட்ராங் முடி, நல்லா மருந்து இழுக்கும்" என்றார். வேலை செய்தது ஒரு சின்னப் பெண், இருபது வயதிருக்கும், வடகிழக்கிலிருந்து வந்தவள். கையுறை போட்டிருந்தாள், ஆனால் இடது கையுறை கிழிந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் வேறொருவருக்குக் கெராட்டின் ட்ரீட்மெண்ட் நடந்துகொண்டிருந்தது. அங்கே சூடான கம்பியை வைத்து இழுக்க இழுக்கப் புகை வந்து எல்லோருக்கும் கண் எரிந்தது. அந்தப் பெண் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வேலை செய்தாள். அதே 2011-ல்தான் அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை, முடியை நேராக்கும் இந்த வகை மருந்துகளிலிருந்து பார்மால்டிஹைடு வெளியேறுகிறது என்று சலூன் ஊழியர்களுக்கு எச்சரிக்கை விட்டது. பிணத்தைக் கெடாமல் வைப்பதற்குப் பயன்படும் வேதிப்பொருள் அது. புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை உறுதிப்படுத்திய பட்டியலில் இருப்பது. நான் ஒரு முறை நாலு மணி நேரம் அந்தக் காற்றில் இருந்தேன். அவள் தினமும் பத்து மணி நேரம் இருந்தாள். என் முடிக்கு என்ன ஆனது என்பதைவிட அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்பதுதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

மருந்தைத் தடவி அரைமணி கழித்து ஒரு முடியை எடுத்து விரலில் சுற்றிப் பார்ப்பார்கள். சுருள் விட்டுவிட்டதா என்று தெரிந்துகொள்வதற்கு. விட்டதும் உடனே அலச வேண்டும். அவள் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அதற்குள் மேடம் கூப்பிட்டு இன்னொருவருக்கு ஹேர் வாஷ் செய்யச் சொன்னார். திரும்பி வர எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. உச்சி எரிந்தது. எரியும் என்று சொல்லியிருந்தார்கள், அதனால் பொறுத்துக்கொண்டேன். பிறகு அலசி, காயவைத்து, கம்பியால் இழுத்து, இரண்டாவது மருந்து போட்டு, மூன்று நாளைக்குத் தண்ணீர் படக்கூடாது, கட்டக்கூடாது, காதுக்குப் பின்னால் ஒதுக்கக்கூட கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

கல்யாணத்தன்று கூந்தல் கண்ணாடி மாதிரி இருந்தது. எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். அலங்காரம் செய்ய வந்தவர் மல்லிகைச் சரத்தை வைத்தார், நழுவியது. இன்னும் நாலு ஊசி குத்தினார், மறுபடி நழுவியது. கடைசியில் சவுரியை வைத்து, அதில் பூவைத் தைத்தார். சுருட்டை முடியில் பூ ஒருபோதும் நழுவாது. ஆயா தலையில் சொருகிய கனகாம்பரம் மறுநாள் காலை வரைக்கும் அங்கேயே இருக்கும். என் கல்யாணப் படங்களில் பூ இருப்பது வேறொருத்தியின் முடியில்.

ஒரு மாதத்துக்குள் உச்சியில் முடி ஒடியத் தொடங்கியது. வேரோடு விழவில்லை, அரை அங்குலம் விட்டு நறுக்கின மாதிரி ஒடிந்தது. தலையணையில், தட்டில், கணவரின் சட்டையில். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், சற்று கூட வளரும். அந்த ஒரு சென்டிமீட்டர் சுருண்டு வந்தது. கீழே பழையது ஈர்க்குச்சி மாதிரி தொங்கியது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் சீப்பு பட்டாலே ஒடியும். திரும்பப் போய்க் கேட்டதற்கு, "வேர்ல வளர்றதுக்கு டச்-அப் போட்டுக்கணும், இல்லாட்டி இப்படித்தான்" என்றார்கள்.

2013-ல் எங்கள் மாடி அறைக்குத் தான்சானியாவிலிருந்து ஒரு மாணவி வாடகைக்கு வந்தார். என்னைவிட இரண்டு வயது பெரியவர். அக்கா என்று கூப்பிட்டேன், அவருக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. அப்போது நாங்கள் அம்மா வீட்டின் கீழ்ப்பகுதியில் இருந்தோம். கணவருக்கு ஒரகடத்தில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது அக்கா தாளை விரித்து, கண்ணாடி, வாசலின், கையுறை, ஒரு அட்டைப்பெட்டி எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நேரம் பார்த்துச் சொல்றியா? பதினைந்து நிமிஷம். ஒரு நிமிஷம்கூடத் தாண்டக்கூடாது" என்றார் ஆங்கிலத்தில்.

சென்னையில் அவர் முடியைத் தொடத் தெரிந்த பார்லர் ஒன்றையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. போன இடங்களிலெல்லாம் சிரித்தார்களாம், இல்லையென்றால் சீப்பை வைத்து இழுத்தார்களாம். அதனால் ஊரிலிருந்தே பெட்டிகள் கொண்டுவந்து தானே போட்டுக்கொண்டார். அதற்கு முந்தின இரண்டு நாள் தலையைச் சொறியாமல் இருந்து, நெற்றியோரத்திலும் உச்சியிலும் காதிலும் வாசலின் பூசி, எட்டு வாரத்தில் புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் மருந்து வைத்து, ஏற்கெனவே நேரான முடியில் படாமல் பார்த்துக்கொண்டார். நான் நேரம் சொன்னதும் எழுந்து அலசினார். கடைசியாகப் போடும் ஷாம்புவில் ஒரு நிறங்காட்டி இருக்கிறது. மருந்து மிச்சமிருந்தால் நுரை ரோஜா நிறத்தில் வரும். நுரை வெள்ளையாகும் வரைக்கும் திரும்பத் திரும்ப அலசினார். எங்கள் ஆய்வகத்தில் செய்த டைட்ரேஷனை ஒருத்தி தன் தலையில் செய்துகொண்டிருந்தாள்.

அட்டைப்பெட்டியை வாங்கிப் படித்தேன். கால்சியம் ஹைட்ராக்சைடு உள்ள களிம்பு. தனிப் புட்டியில் குவானிடின் கார்பனேட். இரண்டையும் அப்போதே கலக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னேன்: "கால்சியம் ஹைட்ராக்சைடுன்னா நம்ம வெத்தலைச் சுண்ணாம்புதாம்மா." அம்மா பதறிவிட்டாள். "சுண்ணாம்பா? கொஞ்சம் கூடினாலே வாய் வெந்துபோகுமே, தலையில போடுதா அந்தப் பொண்ணு!" அக்காவின் மொழியில் இந்த மருந்துக்குப் பெயர் 'தாவா'. ஸ்வாஹிலியில் காய்ச்சலுக்குப் போடும் மருந்தும் தாவாதான். நம் பார்லர்களிலும் மருந்து என்றுதானே சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். நோயில்லாத முடிக்கு இரண்டு கண்டத்திலும் மருந்து.

அக்கா என் உச்சியைப் பார்த்தார். ஒடிந்த இடத்தில் விரல் வைத்தார். "என்ன மருந்து போட்டாங்க?"

எனக்குத் தெரியவில்லை. வேதியியல் படித்தவள், நாலு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், டப்பாவின் பெயரைக்கூடப் பார்க்கவில்லை. அக்கா கோபித்துக்கொண்டார். தயோ வகை போட்ட முடியில் அவருடைய காரவகை மருந்தைப் போட்டால் முடி கையோடு வந்துவிடும். ஒன்றின் மேல் இன்னொன்று ஆகாது. அவர் ஊரில் அம்மாக்கள் மகளுக்கு இதைச் சொல்லித்தான் வளர்ப்பார்களாம். "தெரியாம யாரையும் உன் தலையைத் தொட விடாதே" என்றார்.

வீடா பார்லரா என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மொட்டைமாடிதான் நினைவுக்கு வரும். இஸ்திரிப் பெட்டி வீட்டில்தான் நடந்தது. எதை வைக்கிறோம் என்று தெரியும், எப்படி என்று தெரியாது. பார்லரில் எப்படி என்பது அவர்களுக்குத் தெரியும். எது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அக்காவின் மொட்டைமாடியில் இரண்டும் தெரிந்தது, அதோடு கடிகாரமும் இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா இன்னொன்று செய்தார். என் தலையை நனைத்து, கண்டிஷனர் தடவி, நாலு பாகமாகப் பிரித்து, நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்தார். அகலப் பல் சீப்பு. இரண்டு பல்லுக்கு நடுவே சுண்டுவிரல் போகும். பிறகு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த கறுப்பு நூலை வாங்கி, ஒவ்வொரு பாகத்தையும் அடியிலிருந்து நுனி வரை இறுக்கமில்லாமல் சுற்றினார். சூடும் இல்லை, மருந்தும் இல்லை. ராத்திரி அப்படியே காய்ந்து, காலையில் நூலைப் பிரித்தால் முடி நீண்டு நிற்கும். அவர் ஊரில் பாட்டிகள் காலத்துப் பழக்கம். நூலுக்கு அவர்கள் மொழியில் என்ன என்று அம்மா கேட்டாள். 'ஊஸி' என்றார். "நூலுக்கு ஊசியா!" என்று அம்மா அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே என் தலையின் மறுபக்கத்தை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். நுனியிலிருந்து எடுக்க வேண்டும் என்று அக்கா காட்டிக்கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா மெதுவாகச் சொன்னாள்: "உங்க ஆயாகூட இப்படித்தான் கீழேர்ந்து வரும். நான்தான் வேலை மெனக்கெட்டு உட்கார்ந்திருக்குன்னு நினைச்சேன்."

தன் ஊர்ச் சந்தையில் 'இந்தியன் ஹேர்' என்று பாக்கெட்டில் விற்பதை அக்கா சொல்லியிருக்கிறார். நேரான, நீளமான முடி, விலை அதிகம். நம் கோயில்களில் காணிக்கையாகக் கொடுத்த முடி அது, ஏலம் போய்க் கடல் கடக்கிறது. இந்தியாவுக்கு வந்தால் எல்லோருக்கும் அந்த முடிதான் இருக்கும் என்று நினைத்திருந்தாராம். திருத்தணியில் மூன்று முறை கொடுத்த என் சுருள்கள் எந்தப் பாக்கெட்டில் போயினவோ.

அக்கா படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டார். 2022 அக்டோபரில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 33,497 பெண்களைப் பதினோரு வருஷத்துக்குக் கிட்டத்தட்டத் தொடர்ந்து கவனித்திருக்கிறது. முடியை நேராக்கும் மருந்தை ஒருபோதும் போடாதவர்களில் எழுபது வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், வருஷத்துக்கு நாலு முறைக்கு மேல் போட்டவர்களுக்கு 4.05 சதவீதம். இதனால்தான் அது வந்தது என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. எந்த மருந்து என்றும் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் அக்கா எட்டு வாரத்துக்கு ஒருமுறை, பத்து வயதிலிருந்து போட்டுக்கொண்டவர். ஒட்ட நறுக்கிக்கொண்டேன் என்று ஒரு படம் அனுப்பியிருந்தார். அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. கழுத்து எடுப்பா தெரியுது" என்றாள்.

கவனமாகச் செய்தவருக்கே இந்தப் பயம். பார்லர் என்றால் பாதுகாப்பு என்றும் சொல்வதற்கில்லை. 2024-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் இருபத்தாறு வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். சலூனில் மூன்று முறை முடியை நேராக்கியிருக்கிறார். மூன்று முறையும் சிறுநீரகம் பாதித்திருக்கிறது. அவருக்குப் போட்ட களிம்பில் இருந்தது பார்மால்டிஹைடுக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் கிளைஆக்ஸிலிக் அமிலம். பார்மால்டிஹைடு இல்லை என்று பெட்டியில் போட்டிருந்தால் அடுத்து என்ன இருக்கிறது என்று படிக்க வேண்டியிருக்கிறது. டப்பாவைத் திருப்பிக் காட்டத் தயங்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். மருந்து போட்டுத்தான் ஆக வேண்டும் என்பவர்கள் ஜன்னல் திறந்திருக்கும் இடமாக, ஒரு முடியில் முதலில் போட்டுப் பார்ப்பவராக, பாதியில் வேறு வேலைக்குப் போகாதவராகத் தேடிப் போகட்டும். வீட்டில் மருந்து வேண்டாம். வீட்டில் கம்பி வைக்கலாம்; முழுக்கக் காய்ந்த முடியில், சூட்டைக் குறைத்து, எப்போதாவது ஒருநாள். குழந்தைகளுக்கு இரண்டும் வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏனென்றால் என் மகளுக்கு ஒன்பது வயது. போன வருஷம் ஆண்டு விழா நடனத்துக்கு எல்லோரும் முடியை நேராக்கிக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என வந்து நின்றாள். தெரு முனையிலேயே இப்போது மூன்று பார்லர் இருக்கின்றன. குழந்தைகளுக்குத் தனி விலைப்பட்டியல் வைத்திருக்கிறார்கள். நான் மேம்பாலத்தில் நின்ற அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று மட்டும் சொல்ல முடியவில்லை. முதல் நாள் ராத்திரி, நனைத்து, நாலாகப் பிரித்து, நூல் சுற்றினோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அம்மா. இப்போது மெஸ் இல்லை, ஈடு இல்லை. அம்மாவுக்கு நேரம் இருக்கிறது. மகள் நடுவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். காலையில் பிரித்தபோது முடி முதுகு வரைக்கும் அலையாக விழுந்தது. முழுக்க நேராக இல்லை. அவள் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கழுத்தை ஆட்டிப் பார்த்தாள். ஆடியது.

விழாவுக்கு என் கணவர் வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் கோரை முடி. மேடையிலிருந்து இறங்கி வந்த குழந்தைக்கு வியர்வையில் நெற்றியோரம் ஏற்கெனவே சுருண்டிருந்தது. மாமியார் அதைத் தொட்டு, "இது யார் முடி? எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்லையே" என்றார்.

அம்மா பேத்தியின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டு முடி" என்றாள்.